திங்கட்கிழமை மூச்சு

பெரிய ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறை என்னுடையது. பதினேழு வருஷமாக அங்கே எனக்கு வேலை, வருகிறவர்களைப் பார்த்துக் கத்துவது. "இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, உள்ள இன்னும் இருக்கு, ஊதுங்க!" மூக்கில் கிளிப்பும் வாயில் அட்டைக்குழாயுமாக உட்கார்ந்திருப்பவர் என்னை முறைத்துக்கொண்டே ஊதுவார். அவர் நுரையீரலில் எத்தனை லிட்டர் காற்று கொள்கிறது என்று மெஷின் சொல்லும். அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் அது நூற்றுக்கு எவ்வளவு என்றும் சொல்லும். நான் அதை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். என் சத்தம் மேல்மாடிப் பிரசவ வார்டு வரைக்கும் கேட்கிறது, அங்கே இரண்டு பேர் என் குரலுக்கே பெற்றுவிட்டார்கள் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு பெரிய சிரிஞ்ச் உண்டு. சைக்கிள் பம்பைவிடப் பருமனாக இருக்கும். ஒரு தள்ளு தள்ளினால் கச்சிதமாக மூன்று லிட்டர் காற்று மெஷினுக்குள் போகும். மெஷினும் மூன்று என்று காட்ட வேண்டும். எங்களுடையது உடைந்து நாலு வருஷம் ஆகிறது. புதிது கேட்டு எழுதினோம். "இத்தனை பெரிய ஊசியை எந்த நோயாளிக்குப் போடுவதாக உத்தேசம்?" என்று கொள்முதல் பிரிவு கேட்டுத் திருப்பி அனுப்பியது. ஊசி போடுவதற்கில்லை என்று விளக்கம் எழுதினோம். "ஊசி போடுவதற்கில்லை எனில் சிரிஞ்ச் எதற்கு?" என்று மறுபடி திரும்பி வந்தது.

அதுவரைக்கும் என்ன செய்வது? நடைமுறைப் புத்தகத்தில் ஒரு தற்காலிக வழி இருந்தது. நோய்நொடியில்லாத ஊழியர் ஒருவர் வாராவாரம் ஊதி, தன் அளவு மாறாமல் வருகிறதா என்று பார்க்கலாம். அந்த நோய்நொடியில்லாத ஊழியர் நான்தான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, முதல் ஆள் வருமுன், கதவைச் சாத்திக்கொண்டு மனசுக்குள் என்னை நானே அதட்டிக்கொண்டு ஊதுவேன். மூன்று புள்ளி இரண்டு லிட்டர். எந்தத் திங்கட்கிழமை ஊதினாலும் மூன்று புள்ளி இரண்டுதான். ரிஜிஸ்டரில் எழுதி, "ஊதிய ஊழியர் இன்று பூரண நலத்துடன் உள்ளார்" என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். இந்த ஊரில் யாருக்கு மூச்சு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதற்கு நான்தான் அளவுகோல்.

போன வருஷம் கோடையில் மலைக்காடு பற்றிக்கொண்டது. மின்சாரக் கம்பெனியின் கம்பி அறுந்து காய்ந்த புல்லில் விழுந்ததை ஆடு மேய்க்கிறவர்கள் நாலு பேர் கண்ணால் பார்த்தார்கள். கம்பி விழவில்லை, தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டது என்று கம்பெனி அறிக்கை விட்டது. பத்தொன்பது நாள் ஊரே புகைக்குள் கிடந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது. எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள் என்று வேனில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த வேன் டிரைவருக்குத் தொண்டை கட்டி மூன்றாம் நாளே அறிவிப்பு நின்றுபோனது.

என் வீட்டுக்காரர் நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்குள் இருக்க அவருக்கு வழியில்லை. பத்தொன்பது நாளும் மலையடிவாரத்தில் தீயணைப்பு வண்டிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். ஒரு கைக்குட்டையை நனைத்து முகத்தில் கட்டிக்கொள்வார். சாயங்காலம் அது கறுப்பாக வீடு திரும்பும். நானும் தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேதான் போனேன். ஆனால் நான் பூரண நலத்துடன் இருக்க வேண்டிய ஊழியர் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புகை அடங்கியபின் வந்த முதல் திங்கட்கிழமை ஊதினேன். இரண்டு புள்ளி ஐந்து. மறுபடி ஊதினேன். அதே இரண்டு புள்ளி ஐந்து. எனக்கு வந்தது கோபம். கரி உள்ளே போய் மெஷின் கெட்டுவிட்டது என்று அன்றைக்கே கடிதம் எழுதினேன். மெஷின் கம்பெனி இன்ஜினியர் லேப்டாப்போடு வந்தார்.

"சிரிஞ்ச் இருக்கா மேடம்?"

"ஃபைல்ல இருக்கு."

"அப்புறம் எதை வெச்சு செட் பண்றது?"

"என்னை வெச்சுதான். எனக்கு மூணு புள்ளி ரெண்டு வரணும். இத்தனை வருஷ ரிஜிஸ்டர் இருக்கு, பாத்துக்குங்க."

"உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கென்ன கேடு?" என்றேன்.

அவர் தட்டத் தட்ட நான் ஊதினேன். ஆறாவது தடவை மூன்று புள்ளி இரண்டு வந்தது. இருவருக்கும் பரம திருப்தி. அவர் டீ குடித்துவிட்டுப் போனார். நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் உறைத்திருக்கும். எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பதினேழு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா?

வழக்கு நடந்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணையம் வந்தது. புகையால் நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆயுசுக்கும் வைத்தியம் கம்பெனி பொறுப்பு, நஷ்டஈடு உண்டு, உழைக்கிறவர்களுக்கு மூச்சு வாங்காத வேலையாக மாற்றித் தர வேண்டும் என்று உத்தரவு. கெட்டிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊதவைத்து. நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே வந்தால் கெட்டது. எண்பதைத் தொட்டுவிட்டால் நல்லது. எங்கே ஊதுவது? அரசு மெஷினில். அது ஊரிலேயே ஒன்றுதான்.

மனு பதினொரு பக்கம். ஏழாம் கேள்வி: "புகையை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சுவாசித்தீர்கள்? இடையில் நிறுத்தியிருந்தால் குறிப்பிடவும்." ஒன்பதாம் கேள்வி: "வீட்டுக்குள் இருக்குமாறு அறிவித்தும் வெளியே சென்றீர்களா?" ஆமாம் என்று எழுதினால் குற்றம் உங்கள் மேல். இல்லை என்று எழுதினால் புகை உங்களைத் தொடவே இல்லை. மனுக்காரர்களின் வக்கீல், ஊரில் தாடி வக்கீல் என்று பெயர், இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்: "வாசற்படியில் நின்றேன்." எண்ணூறு பேர் பத்தொன்பது நாள் வாசற்படியில் நின்றதாக எழுதிக் கொடுத்தார்கள். புகையில் இருந்ததற்குப் போட்டோ வேண்டும் என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால், "படத்தில் புகை மட்டுமே உள்ளது, மனுதாரர் தெளிவாகத் தெரியவில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

தாடி வக்கீலின் குமாஸ்தா தையல்கடை மாடியில் ஊதல் வகுப்பு நடத்தினார். என்னிடம் வந்தால் மூன்று தடவை ஊத வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால்தான் மெஷின் ஒப்புக்கொள்ளும். எனவே மூன்றையும் ஒரே மாதிரி மட்டமாக ஊதுவது எப்படி என்பதுதான் பாடம். பத்துத் தடவை பழகியவர்களுக்கு அது கைவந்தது. நிஜமாகவே நெஞ்சு கெட்டவர்கள் இரண்டாவது ஊதலிலேயே இருமித் தொலைப்பார்கள். மூன்றும் மூன்று விதமாக வரும். "ஒத்துழைப்பு போதாது" என்று மெஷின் அச்சடிக்கும். நான் அவர்களை மறுபடி மறுபடி அதட்டி ஊதவைத்து, அதில் பெரியதாக வந்ததை எழுதிக்கொள்வேன். விதி அப்படி.

ஆயிரத்து நூற்று நாற்பது பேர் ஊதினார்கள். எண்பதுக்குக் கீழே வந்தது ஒன்பதே பேர். ஊரின் சராசரி நூற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு. மலைக்காற்றைச் சுவாசித்து வளர்ந்த எங்கள் ஜனங்களின் நுரையீரல் வலிமையைப் பாராட்டி மின்சாரக் கம்பெனி பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரம் கொடுத்தது. எங்கள் தலைமை டாக்டர் இந்த அதிசயத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுத உட்கார்ந்தார். நூற்றுக்கு மேலே நூற்றுப் பன்னிரண்டு எப்படி வரும் என்று நானும் ஒருநாள் யோசித்தேன். நன்றாகக் கத்துகிறேன், அதனால் நன்றாக ஊதுகிறார்கள் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் நாத்தனார். காடு எரிந்த பத்தொன்பது நாளும் அவள் நாலு மாவட்டம் தள்ளி, கடற்கரையில், மாமியார் வீட்டில் இருந்தாள். அலையில் கால் நனைக்கும் போட்டோவெல்லாம் எங்களுக்கு அனுப்பினாள். என்னிடம் வந்து மூன்று தடவையும் அச்சில் வார்த்தது போல எழுபத்தொன்று ஊதிவிட்டுப் போனாள். குமாஸ்தாவின் முதல் மாணவி. மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகப்பட விதியில் இடமில்லை.

என் வீட்டுக்காரருக்கு எண்பத்து நாலு வந்தது.

சொந்தப் புருஷனை நானே ஊதவைப்பது முறையில்லை என்று தலைமை டாக்டரிடம் சொல்லத்தான் சொன்னேன். அதற்கென்றே செய்து வைத்திருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, "மாற்று ஏற்பாடு இல்லை" என்று குத்திக் கொடுத்துவிட்டார். வேண்டியவருக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அதட்டினேன். ஏழு தடவை ஊதினார். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் வந்தது எண்பத்து நாலு.

வீட்டில் அவர் நிலைமை வேறு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் தெருவிலிருந்து என்னைக் கூப்பிட்டால் பக்கத்துத் தெருக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இப்போது கீழே நின்று மிஸ்டு கால் கொடுத்தார். குனிந்து செருப்பு மாட்டினால் நிமிர நேரமாயிற்று. லாரிக்குத் தண்ணீர் பிடிக்க மேலே ஏறி மூடியைத் திறக்க வேண்டும். அந்த ஏணியில் பாதியில் நின்றுவிடுகிறார் என்று கிளீனர் வந்து என்னிடம் சொன்னார்.

"என்னங்க இது, ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பேசுது?" என்று கேட்டேன்.

"ஏறும்போது அடைக்குது. உள்ள போற காத்து பத்தலை."

"எண்பத்து நாலு இருக்கு உங்களுக்கு. மெஷினுக்கும் உங்களுக்கும் ஏதாவது வாய்க்கா தகராறா? அது எதுக்குப் பொய் சொல்லுது?"

"நான் மெஷினைச் சொல்லலையே."

"அப்ப நீங்கதான் நடிக்கறீங்க."

அவர் சோற்றைப் பிசைந்தார். நான் விடுகிறவளா? "உங்க தங்கச்சி நடிச்சா, அவளுக்கு லாபம். உங்களுக்கு எதுக்கு இந்த வேஷம்? எண்பத்து நாலு வாங்கின ஆள் எண்பத்து நாலு மாதிரி நடந்துக்குங்க" என்றேன். அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பரிசோதனையில் நலமாக இருப்பது நிரூபணமான பின்னும் லாரி மேல் ஏறத் தயங்குவது ஒழுங்கீனம்; முப்பது நாளுக்குள் ஏறிக் காட்டாவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவார். அதில் சான்றாக என் கையெழுத்துப் போட்ட காகிதத்தையே இணைத்திருந்தார்கள். "ஏறிடறேன், விடு" என்றார். மறுநாள் ஏறப் போய், நாலாவது படியில் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றவரை இரண்டு பேர் கீழே இறக்கினார்களாம். வீட்டில் வந்து, படி வழுக்கியது என்றார்.

கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தபோது சிரிஞ்ச் வந்தது.

ஸ்டோர்காரர் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார். ஆசையாகப் பிரித்து, மெஷினில் மாட்டி, ஒரு தள்ளு தள்ளினேன். மூன்று புள்ளி எட்டு என்று காட்டியது. இன்னொரு தடவை. மூன்று புள்ளி எட்டு. நாலு வருஷம் காத்திருந்து ஓட்டைச் சாமானை வாங்கிவிட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு, "மூன்று லிட்டர் தள்ள வேண்டிய சிரிஞ்ச் மூன்று புள்ளி எட்டு தள்ளுகிறது" என்று புகார் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதுதான் கை நின்றது. ஒரு குழாய் குறைவாகத் தள்ளலாம், எங்காவது ஒழுகினால். தன் கொள்ளளவுக்கு மேலே எப்படித் தள்ளும்?

செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். அரை லிட்டர் சலைன் பாட்டில்கள் ஆறை உடைத்து அந்தச் சிரிஞ்சுக்குள் ஊற்றினேன். ஆறாவது பாட்டிலின் கடைசிச் சொட்டோடு விளிம்பு தட்டியது. மூன்று லிட்டர். சிரிஞ்சில் ஒரு குறையும் இல்லை.

ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். மூன்று புள்ளி இரண்டு, மூன்று புள்ளி இரண்டு, மூன்று புள்ளி இரண்டு. பிறகு புகை. பிறகு இரண்டு புள்ளி ஐந்து. பிறகு இன்ஜினியர். பிறகு மறுபடியும் மூன்று புள்ளி இரண்டு. அன்றைக்கு மெஷின் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கெட்டது என் நுரையீரல். அதைச் சரிசெய்யாமல் மெஷினைத் திருகி என் அளவுக்கு ஏற்றிவிட்டோம். அதோடு ஊர் முழுவதும் ஏறிக்கொண்டது. நர்ஸுகள் கொஞ்சகாலமாக, "என்னக்கா, இப்பல்லாம் சத்தமே காணோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்ததும், தூரமாக இருக்கிறதென்று நான் காய்கறிக்கடையை மாற்றியதும் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றன.

கால்குலேட்டரை எடுத்து மூன்று புள்ளி இரண்டை இரண்டு புள்ளி ஐந்தால் வகுத்து, வந்த ஒன்று புள்ளி இரண்டு எட்டால் எண்பத்து நாலை வகுத்தேன். அறுபத்தைந்து சொச்சம் வந்தது. எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம் வந்தது. பதினேழு வருஷம் ஜனங்கள் வாயைத் திறந்து சொல்வதை விட்டுவிட்டு வாயில் குழாயை வைத்துப் பார்த்த எனக்கு, பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனின் மூச்சு காதில் விழவில்லை. அந்தச் சிரிஞ்சை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன்.

தலைமை டாக்டரிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சிரிஞ்ச் இன்னும் வரலைன்னு வெச்சுக்குவோமே."

"நாலு கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன் சார்."

"அதைத் தொலைச்சுடலாம். கட்டுரை அச்சுக்குப் போயிடுச்சும்மா. நூத்துப் பன்னெண்டுன்னு தலைப்பே வெச்சிருக்கேன்."

"எங்க வீட்டுக்காரருக்குப் பன்னெண்டு நாள்ல வேலை போயிடும் சார்."

"சொந்த விஷயத்தை ஆபீஸுக்குள்ள கொண்டு வராதீங்க" என்றார். சொந்த விஷயத்தை ஆபீஸுக்குள் கொண்டுவர ஸ்டாம்பு குத்திக் கொடுத்தவரே அவர்தான். நான் வெளியே வந்து, ஆணையத்துக்கு நேராகவே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஆறாம் நாள் விசாரணை. பழைய திருமண மண்டபம் ஒன்றை ஆணையத்துக்கு எடுத்திருந்தார்கள். நீதிபதி மேடையில் மணமக்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேறு நாற்காலி வரவில்லையாம். முன்வரிசையில் என் வீட்டுக்காரர். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "மெஷின் சரியா தப்பான்னு இத்தனை நாளும் எதை வெச்சும்மா முடிவு பண்ணினீங்க?"

"என்னை வெச்சுங்க."

"உங்களுக்கு நுரையீரல் பாதிப்புன்னு மனு போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"மனு போடக் கடைசித் தேதி முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. போடலை. அதாவது, நீங்க ஆரோக்கியமானவங்க. புகைக்கு அப்புறம் அறுபத்தோரு திங்கட்கிழமை, பூரண நலம்னு கையெழுத்தே போட்டிருக்கீங்க." நீதிபதி பக்கம் திரும்பினார். "இந்த அம்மா சட்டப்படி பூரண ஆரோக்கியம். அவங்களோட ரெண்டு புள்ளி அஞ்சுதான் ஆரோக்கியத்தோட அளவு. ஆக மெஷின் சரி. இந்த சிரிஞ்ச்தான் ஊரோட ஒத்துப்போகலை."

ரிஜிஸ்டரைக் கிழித்து அவர் வாயில் திணிக்கலாமா என்று வந்தது. ஆனால் அந்த அறுபத்தொன்றையும் போட்டது என் கைதான்.

"எல்லா அளவையும் ஒண்ணு புள்ளி ரெண்டு எட்டால வகுத்தாப் போதுங்க, யாரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை" என்றேன்.

"வகுத்தல் ஒரு மருத்துவப் பரிசோதனை இல்லை" என்றார் கம்பெனி வக்கீல்.

சரி, மறுபடி எல்லோரையும் ஊதவைக்கலாமே என்றார் நீதிபதி. அப்போது ஓர் அதிசயம் நடந்தது. தாடி வக்கீலும் கம்பெனி வக்கீலும் ஒரே குரலில் ஆட்சேபித்தார்கள். கம்பெனி வக்கீலின் கவலை ஆயிரத்து நூற்று முப்பத்தொரு பேர். தாடி வக்கீலின் கவலை ஒன்பது பேர், தையல்கடைப் பாடம் இரண்டாம் தடவையும் பலிக்குமா என்று. ஜெயித்த ஒன்பதைக் காட்டித்தான் அவர் அடுத்த ஊரில் வழக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். மேடையில் நீதிபதி இருமினார். அது சாதாரண இருமல்தான் என்று பதிவுசெய்ய வேண்டும் என்று கம்பெனி வக்கீல் கேட்டுக்கொண்டார்.

நீதிபதி தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை மறைச்சிருந்தா உங்களை யாரும் கேட்டிருக்கப் போறதில்லை. ஏன் எழுதினீங்க?"

"எங்க வீட்டுக்காரர் மூச்சு முட்டுதுன்னு ஒரு வருஷமா சொல்றாருங்க. நான் நம்பலை" என்றேன். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சிரிஞ்சை வைத்து மெஷினைச் சரிசெய்து எல்லோரையும் மறுபடி பரிசோதிக்க வேண்டும், அதுவரை யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கடைசித் தேதி முடிந்துவிட்டதால் எனக்கு மட்டும் அதில் இடமில்லை. தவறிழைத்த ஊழியர் என்று என் மேல் தனி விசாரணை உண்டு. அதுவரை மறுபரிசோதனையை யார் நடத்துவது என்று ஆஸ்பத்திரியைக் கேட்டார்கள். தலைமை டாக்டர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார்.

இப்படியாக மறுபடியும் நானே கத்தினேன். என் குரல் நாலாவது "ஊதுங்க"வுக்கு மேல் போகவில்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு அவசர வேலையாக வெளியூர் போக நேர்ந்தது. மிச்சமிருந்த நாத்தனார் போன் செய்து, அண்ணனுக்கு ஒரு குழி தோண்டினது போதாதென்று தனக்கும் தோண்டிவிட்டேன் என்று திட்டினாள். நேரில் வந்து திட்டு, அப்படியே ஊதிவிட்டுப் போ என்றேன். வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் முறை வந்தது. சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டேன். இந்தத் தடவை அதட்டவில்லை. "முடிஞ்ச அளவுக்கு ஊதுங்க, போதும்" என்றேன். இருமினால் காத்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அறுபத்து மூணு" என்றேன்.

"அப்ப பாஸா?"

"பாஸ்தாங்க."

கிளிப்பைக் கழற்றாமலே சிரித்தார். ரிசல்ட் காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அறுபத்து மூன்றைப் பரீட்சை மார்க் பார்ப்பதுபோல இரண்டு தடவை பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நுரையீரலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று சொன்னதற்கு ஒரு மனுஷன் இத்தனை சந்தோஷப்படுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"என்னங்க, நான் உங்களை நடிக்கறீங்கன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"அதை விடு. நானும் அப்படித்தானே நெனச்சுட்டேன்."

"எப்படி?"

"நடிக்கறேன்னுதான். ஏணியில பாதியில நிப்பேன்ல, அப்ப என்னை நானே திட்டிக்குவேன். ஏண்டா நடிக்கற, மெஷினே சொல்லிடுச்சு, அவளும் சொல்லிட்டா, ஒழுங்கா ஏறுடான்னு. இன்னும் ஒரு படி ஏறிப் பாப்பேன். முடியாது. சரி, எனக்கே தெரியாம நடிக்கறேன் போலன்னு இறங்கிடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இப்பதான் நிம்மதியா இருக்கு. நெசமாவே முடியலைதான்."

நான் மேஜை மேலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அடுத்த பெயரை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.  அவர் பட்டியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.